மாமியாரின் டிரங்குப் பெட்டி

அன்புள்ள அக்கா,

நான் தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் இருக்கிறேன். கல்யாணமாகி இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிறது. கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் ஒரு இசைக்குழுவோடு பாடுகிறேன். மாதம் நான்கு நிகழ்ச்சி கிடைத்தால் பெரிய விஷயம். சில மாதம் ஒன்றுகூட இருக்காது. போன மாதம் என் மாமியார் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்து, "இதெல்லாம் நீ எடுத்துக்கோ, இல்லாட்டி யாருக்காவது குடுத்திடு" என்றார். பதினெட்டுப் புடவைகள், ஏழெட்டு ஃபிராக்குகள். அதில் ஒரு பச்சைப் பட்டு, கண்ணை எடுக்க முடியவில்லை. படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டேன், இருபது பேர் விலை கேட்டுவிட்டார்கள். நீங்கள் நாட்டியம் ஆடிக்கொண்டே வின்டேஜ் துணிக்கடையும் நடத்துவதாக எழுதியிருந்தீர்கள். இரண்டும் சேர்ந்து ஓடுமா? "பாடகிங்கிற பேர் போய் பழந்துணிக்காரின்னு ஆயிடும்" என்கிறார் என் வீட்டுக்காரர். அந்தப் பச்சைப் பட்டை மட்டும் மேடையில் கட்டிக்கொள்ளலாம் என்று எனக்கு ஆசை.

த.

அன்புள்ள த.,

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதை எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். நான் விழுப்புரம் பக்கத்துப் பெண். தெருவில் பாத்திரக்காரர் வருவார். அம்மா நான்கு பழைய புடவைகளைக் கொடுத்து, அரைமணி நேரம் பேரம் பேசி, ஒரு எவர்சில்வர் குண்டானை வாங்கி உள்ளே போவாள். பட்டு என்றால் கதை வேறு. அதை வாங்குகிறவர் துணியை எரித்துச் சரிகையிலிருக்கும் வெள்ளியை எடுத்துக்கொள்வார். ஒன்று பாத்திரமாக வேண்டும், இல்லாவிட்டால் சாம்பலாக வேண்டும். அப்போதுதான் பழந்துணிக்கு விலை. அப்படி வளர்ந்த நமக்கு, துணியைத் துணியாகவே ஒருவர் காசு கொடுத்து வாங்குவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

நான் கடை போட்ட புதிதில் ஒரு மாணவியின் அம்மா, "டீச்சர், இதெல்லாம் செத்தவங்க துணியா?" என்று கேட்டார். "சிலது ஆமாம்" என்றேன். அடுத்த வாரம் அந்தப் பெண் வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தாள். அவ்வளவுதான் நடந்தது. பெயர் போகும் என்ற பயத்துக்கு இதற்கு மேல் நேரம் ஒதுக்காதீர்கள்.

நேரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நம் பஞ்சாங்கமே அதற்குப் பாதி வழி செய்து வைத்திருக்கிறது. ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றிலும் கல்யாணம் கிடையாது. புரட்டாசியில் இங்கே பல வீடுகளில் மாதம் முழுக்கக் கவிச்சியே சமைப்பதில்லை, விருந்துக்கு யார் கூப்பிடப் போகிறார்கள்? முன்பெல்லாம் அந்த மாதங்களில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். இப்போது வாங்குவது, துவைப்பது, தைப்பது எல்லாம் அப்போதுதான். விற்பனையில் பெரிய அலை டர்பன் ஜூலைக்கு முந்தைய ஆறு வாரம். 1897 முதல் ஓடும் குதிரைப் பந்தயம் அது. ஆனால் கிரேவில் மைதானத்துக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் குதிரையைப் பார்த்திருப்பார்களா என்பதே சந்தேகம். உடையைக் காட்டப் போகிறார்கள், உடையைப் பார்க்கப் போகிறார்கள். ஜூலை முதல் சனிக்கிழமை அது முடிந்தால் இரண்டு வாரத்தில் ஆடி பிறந்துவிடும். தீபாவளிக்கு மட்டும் இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும். அந்தப் பதினைந்து நாள் நான் கடையைப் பூட்டிவிடுகிறேன். நஷ்டம்தான், ஆனால் வேறு வழி தெரியவில்லை.

உண்மையான சிக்கல் நேரத்தில் இல்லை, த. உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது.

எட்டு வருடத்துக்கு முன்னால் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பாட்டி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது, அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். ஒரு அரக்கு நிறக் காஞ்சிபுரம். கோர்வை வைத்த கரை, அதாவது உடலோடு கோத்து நெய்த வேறு நிறக் கரை; முந்தானையில் சரிகை கனக்கிறது. 800 ரேண்டுக்குக் கொடுத்தார்கள். விற்பதற்கென்றுதான் வாங்கினேன். வழியில் காரிலேயே மனசு மாறிவிட்டது. அந்த நிறத்தில் எனக்கு நாட்டிய உடை இல்லை, அடுத்த மாதம் நிகழ்ச்சி வேறு இருந்தது. தையல்காரரிடம் கொடுத்து வெட்டிவிட்டேன். முந்தானை முன்பக்க விசிறியானது, கரையெல்லாம் கால்சட்டைக்கும் மேலாக்குக்கும் போனது. வர்ணம் என்ற நீண்ட உருப்படியின் நடுவில், முழங்காலை மடக்கி அரைமண்டியில் உட்காரும்போது விசிறி விரிய வேண்டும் இல்லையா, விரிந்தது. மடிப்போடு மடிப்பாகக் கிழிந்தும் விட்டது. பட்டு உள்ளுக்குள் இற்றுப்போயிருந்திருக்கிறது. பார்வைக்குப் புதுசு மாதிரி இருந்ததால் நான் சோதித்துப் பார்க்கவே இல்லை. மீதி இருபது நிமிடத்தை ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி எப்படி ஆடி முடித்தேன் என்று கேட்காதீர்கள்.

கிழிந்தது கூடப் பரவாயில்லை. பிறகு அந்தப் பாட்டியின் மகள் ஒரு கோயிலில் என்னைப் பார்த்து, "அம்மா கல்யாணப் புடவை எப்படி இருக்கு? அது பம்பாயிலேர்ந்து கப்பல்ல வந்தது, உலகச் சண்டைக்கு முந்தி" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இங்கே இந்தியர்களின் நில உரிமையை நெரிக்கும் சட்டம் 1946-ல் வந்தபோது, தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை இந்தியா முறித்துக்கொண்டது. அந்தத் தடை 1990களின் தொடக்கம் வரை இருந்தது. பயணம் போனவர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது, வேறு நாடு சுற்றி வந்தது என்று கொஞ்சம் வந்திருக்கலாம். ஆனால் கடையில் நுழைந்து காஞ்சிபுரம் கேட்டு வாங்கும் காலம் நம் ஊர் ஆயாக்களுக்கு நாற்பது வருடத்துக்கு மேல் சுலபமாக இருக்கவில்லை. அதனால்தான் இங்கே பழைய பெட்டிகளைத் திறந்தால் நைலான், ஜார்ஜெட், ஓரத்தில் 'ஜப்பானில் செய்தது' என்ற எழுத்து. நடுவில் அசல் பட்டு ஒன்று கிடந்தால், அது இந்த ஊருக்கு எப்படி வந்தது என்று ஒரு கதை நிச்சயம் இருக்கும். நான் வெட்டியது அப்படி ஒன்றை.

ஒரே துணியை ஆடுகிறவள் ஒரு கண்ணால் பார்ப்பாள், விற்கிறவள் இன்னொரு கண்ணால் பார்ப்பாள். இரண்டு கண்ணையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருந்தால் நான் செய்த மாதிரித்தான் ஆகும். இப்போது எனக்கு ஒரு வழக்கம் உண்டு. விற்க வாங்கியது என் மேலே ஏறாது. எனக்கென்று எடுத்தது கடைக்குப் போகாது. எது எது என்பதைப் பெட்டி திறந்த அன்றே, அந்த வீட்டு வாசல் தாண்டுவதற்குள் முடிவு செய்துவிடுவேன். வெட்டுவது? கறை பிடித்து, கட்டவே முடியாமல் போனதை மட்டும்தான். உங்களுக்கு வெட்டும் ஆசை வராது, ஆனால் மேடை விளக்குச் சூட்டில் மூன்று மணி நேரம் நின்று பாடினால் வேர்வையே போதும், பட்டு நொந்துபோகும்.

பச்சைப் பட்டின் மடிப்பை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கோடு கோடாக வெளிச்சம் தெரிந்தால் இற்றிருக்கிறது, கட்ட வேண்டாம். தெரியாவிட்டால் வருடத்துக்கு ஒருமுறை, அதுவும் குறைந்த நேரம். சரிகை நூல் எங்காவது பிரிந்திருந்தால் நடுவில் சிவப்புப் பட்டு இழை தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் பெரும்பாலும் அசல் சரிகைதான்.

ஃபிராக்குகளைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். காசு அங்கேதான் இருக்கிறது. புடவை மெதுவாகத்தான் போகும்; அறுபது எழுபதுகளின் ஃபிராக்கை ஜூலைக்கு முன்னால் கண்ணில் காட்டினால் போதும். உள்பக்கம் திருப்பி லேபிளைப் படியுங்கள். விலைச்சீட்டு பிழைத்திருந்து, அதில் பவுண்டும் ஷில்லிங்கும் இருந்தால் 1961 பிப்ரவரிக்கு முந்தியது. ரேண்ட் வந்தது அப்போதுதான். டர்பன் கிரே ஸ்ட்ரீட் தையல்கடை முகவரியோடு நான்கு இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1973-க்குப் பிந்தியது. உலோக ஜிப் என்றால் பெரும்பாலும் பழசு. கிரிம்ப்ளின் என்ற தடித்த பாலியஸ்டர் துணியாக இருந்தால் கவலையே வேண்டாம், அதைக் கரப்பான்கூடத் தொடாது.

பழுதுபார்க்க ஒரு கை தேடி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு ஆன்ட்டி இருக்கிறார், இங்கே துணி ஆலையில் இருபத்திரண்டு வருடம் மெஷினில் உட்கார்ந்தவர். தொண்ணூறுகளில் இறக்குமதி வரி குறைந்து வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து குவிந்தபோது ஆலை மூடிவிட்டது. ஒரு காலரைத் தொட்டுப் பார்த்தே ஆலையில் தைத்ததா வீட்டில் தைத்ததா என்று சொல்லிவிடுவார். அவருக்குக் கொடுக்கும் கூலியை முதலில் எழுதி, வாங்கிய விலையை அதோடு கூட்டி, அதை இரண்டால் பெருக்கி என் விலையை வைக்கிறேன். பேரம் பேசுகிறவர்கள் பேசட்டும். இன்னொன்று, மூட்டை மூட்டையாக வெளிநாட்டுப் பழந்துணி தருகிறேன் என்று யாராவது வருவார்கள். இங்கே அதை இறக்குமதி செய்து விற்க அனுமதி கிடையாது, பக்கமே போகாதீர்கள். நம் வீட்டுப் பெட்டிகளிலேயே போதுமான அளவு இருக்கிறது.

கடை எனக்கு என்ன கொடுத்தது என்று கேட்டால், "முடியாது" என்று சொல்லும் தைரியம். முன்பு சாப்பாடும் பொன்னாடையும் மட்டும் தருகிறோம் என்ற ஒரு அமைப்பாளருக்காக மூன்று வருடம் ஆடியிருக்கிறேன். நான்காம் வருடம் மறுத்துவிட்டேன். (அந்தப் பொன்னாடைகள் பாலியஸ்டர். இன்னும் இருபது வருடம் வைத்திருந்தால் அவையும் வின்டேஜ்.) எடுத்துக்கொண்டதையும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை முழுக்கச் சந்தையில் நின்றுவிட்டுச் சனிக்கிழமை காலை சாதகத்துக்கு எழுந்தால் முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை. உங்களுக்குக் கால் பிரச்சினை வராது, தொண்டை பிரச்சினை வரும். பழைய பெட்டித் தூசியும் அந்துருண்டை நெடியும் பாடகிக்கு எதிரி. முகத்தில் துணி கட்டிக்கொண்டு, வெளியே வராந்தாவில் வைத்துத் திறங்கள். கச்சேரிக்கு முந்தின நாள் பெட்டிப் பக்கமே போகாதீர்கள். அந்துருண்டையைச் சரிகை மேல் படும்படி போடாமல், பழைய வேட்டித் துணியில் முடிந்து மூலையில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடியுங்கள்.

கடைசியாக, அந்த இருபது பேருக்கும் இன்னும் பதில் சொல்லாதீர்கள். உங்கள் மாமியார் "எடுத்துக்கோ" என்றது உங்களைக் கட்டிக்கொள்ளச் சொன்னதா, விற்கச் சொன்னதா என்று எனக்குக் கடிதத்திலிருந்து புரியவில்லை. ஒரு சாயங்காலம் டீ போட்டுக் கொடுத்து, பதினெட்டையும் ஒவ்வொன்றாக அவர் மடியில் வைத்துக் கேளுங்கள். யார் வாங்கியது, எந்தக் கடை, எந்தக் கல்யாணம் என்று அவர் சொல்வதைச் சின்னச் சீட்டில் எழுதி அந்தந்தப் புடவைக்குள் வையுங்கள். பச்சைப் பட்டைக் கடைசியாக எடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள், ஜூலை முதல் சனிக்கிழமை வரை பதில் வர மட்டும் தாமதமாகும்.