சிஸ்டர் அக்கா பதில்கள்

கேள்வி: காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும் என் மகன், தான் பெண் என்கிறான். உடனே ஆபரேஷன் வேண்டுமாம். சம்மதிக்கலாமா சிஸ்டர்? – ஒரு தாய், விருதுநகர்

பதில்: முதலில் ‘மகளே’ என்று ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள் அம்மா. அதற்குக் கத்தியும் வேண்டாம், காசும் வேண்டாம். பாலினத்தைச் சொல்ல அறுவை சிகிச்சை கட்டாயமில்லை என்று 2014இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தொண்ணூறுகளில் எங்கள் வார்டுக்கு ஒரு பிள்ளை ஆட்டோவில் வந்தாள். லாட்ஜ் அறையில் யாரோ செய்த ‘நிர்வாணம்’, அதாவது திருநங்கைக்கு ஆணுறுப்பை அறுத்து எடுப்பது. சிறுநீர் அடைத்து வயிறு உப்பியிருந்தது. அந்த வலியிலும் வளையலைக் கழற்ற விடவில்லை. டியூப் போட்டு மூச்சு வந்ததும் கேட்டாள்: “அக்கா, சீட்டில் பெண் என்று எழுதினீங்களா?”

அதனால் என் கருத்து இது. பதினெட்டு தாண்டியவள், முடிவு அவளுடையது. ஆனால் வரிசை முக்கியம். மனநல மருத்துவர், அப்புறம் ஹார்மோன் டாக்டர். மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கி விழுங்கும் மாத்திரை ரத்தம் உறையும் வரை கொண்டுபோகலாம். சிகரெட் பழக்கம் இருந்தால் இன்னும் மோசம். பிற்பாடு குழந்தை ஆசை வருமா என்றும் ஹார்மோனுக்கு முன்பே பேசுங்கள், விந்தணுவைச் சேமிக்க வழி உண்டு. ஹார்மோனோடு சில மாதம் வாழ்ந்த பிறகும் ஆபரேஷன் வேண்டும் என்றால் செய்யலாம். அதற்காக வருஷக்கணக்கில் இழுத்தடிக்காதீர்கள், அந்தப் பிள்ளையை லாட்ஜுக்கு அனுப்பியதே அதுதான். அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் இலவசமாகவே செய்கிறார்கள். போகும்போது அவள் அப்பாவையும் கூட்டிப் போங்கள், வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாலும் பரவாயில்லை.