எஸ்கேஎஸ் வாங்கப் போற தம்பிக்கு - வாசகர் கடிதம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்க வேட்டை, ரைஃபிள் பத்தி எழுதுறத ரொம்ப நாளா படிக்கிறேன். கனடால எட்மண்டன்ல இருக்கேன், துப்பாக்கி கோர்ஸ் முடிச்சு இப்பதான் லைசென்ஸ் கைக்கு வந்துச்சு. முதல் செமி ஆட்டோ (ஒரு தோட்டா சுட்டதும் அடுத்தத தானே ஏத்திக்கிற ரகம்) பழைய சோவியத் ராணுவ ரைஃபிளான எஸ்கேஎஸ்தான்னு முடிவு பண்ணிட்டேன், என் பட்ஜெட்டுக்கு அது ஒன்னுதான் ஒத்து வருது. ரஷ்யன் நல்லதா சைனீஸ் நல்லதா? மரக்கட்டைய கழட்டிட்டு கருப்பு பிளாஸ்டிக் ஸ்டாக், மேல சாமான் மாட்டுற ஒரு ரெயில், அதுல ரெட் டாட் (சிவப்பு புள்ளி வச்சு குறி பாக்குற கருவி), இதுதான் ப்ளான். ட்ரிக்கர் ரொம்ப கட்டியா இருக்கும்னு சொல்றாங்க, வீட்லயே ஃபைல் போட்டு தேய்ச்சு ஸ்மூத் பண்ணிக்கலாமா? யூட்யூப்ல ஈஸியா பண்றாங்க. இதையும் தடை பண்ணிடுவாங்கன்னு பேச்சு வருதே, போட்ட காசு போயிடுமா? கடைசியா ஒன்னு, வீட்ல துப்பாக்கி வர்றதே என் மனைவிக்கு பயமா இருக்கு, அவங்கள எப்படி சமாளிக்கிறது?

(பேர் போட வேணாம்னு கேட்டுக்கிட்டார்.)

அன்புள்ள தம்பி,

வழக்கமா எத வாங்கலாம்னு கேக்குற லெட்டருக்கு நான் பதில் போடுறதில்ல. உங்களுக்கு போடுறேன், ஏன்னா இந்த சீசன் முழுக்க ரேஞ்ச்ல பாத்து பாத்து மனசுல ஓடிக்கிட்டு இருந்த விஷயத்துலயே வந்து கை வச்சிட்டீங்க.

ரஷ்யனா சைனீஸாங்குறதுக்கு ரொம்ப யோசிக்காதீங்க. ரஷ்யன்ல துலா, இஷெவ்ஸ்க்னு ரெண்டு ஃபேக்டரில செஞ்சது இருக்கு, பெரும்பாலும் பேரல் உள்ள குரோம் பூசியிருக்கும், சோவியத் ஆர்சனல்லயே (ராணுவ ஆயுதக் கிடங்கு) பிரிச்சு சரி பண்ணி திரும்ப மூட்டினதுதான் அதிகம். சைனீஸ் எஸ்கேஎஸ், அதாவது டைப் 56, கையில வாங்கி பாத்துட்டு வாங்கணும், ஒன்னுக்கொன்னு தரம் மாறும். பேரல் வழியா வெளிச்சம் விட்டு பாருங்க, முனை அடிபட்டிருக்கான்னு பாருங்க, போல்ட் (தோட்டாவ உள்ள தள்ளி மூடுற பாகம்), ரிசீவர் (அது ஓடுற கூடு) ரெண்டுலயும் நம்பர் ஒத்துப் போகுதான்னு பாருங்க. எது நல்லா இருக்கோ அத எடுத்துக்கோங்க. பத்து பதினஞ்சு வருஷம் முன்ன இங்க 200 டாலருக்கு கிடைச்ச சாமான் அது, இன்னைக்கு அந்த விலைய நினைச்சுக்கிட்டு கடைக்கு போகாதீங்க.

தடை பத்தி. கனடா அரசு 2020 மே 1ல போட்ட தடை லிஸ்ட்ல சாதாரண எஸ்கேஎஸ் இல்ல. 2022 நவம்பர்ல சி-21ங்குற துப்பாக்கி கட்டுப்பாட்டு மசோதாவுல திருத்தமா நுழைக்க பாத்தாங்க, பழங்குடி மக்கள் தலைவர்களும் வேட்டைக்காரங்களும் எதிர்த்தாங்க, 2023 பிப்ரவரில அத வாபஸ் வாங்கிட்டாங்க. நாளைக்கு என்ன வரும்னு ஜோசியம் சொல்ல நான் ஆள் இல்ல. போனா போகட்டும்னு விடக்கூடிய காசா இருந்தா மட்டும் போடுங்க.

இப்ப உங்க ப்ளானுக்கு வர்றேன். கோவமாதான் வர்றேன். ரைஃபிள் இன்னும் வாங்கவே இல்ல, அதுக்குள்ள ஸ்டாக், ரெயில், ரெட் டாட், ஃபைல்! சரி, இவ்வளவு எழுதினீங்களே, போல்ட்ட கழட்டி க்ளீன் பண்றதப் பத்தி ஒரு வரி உண்டா? ஒரு வரி கூட இல்ல தம்பி. ரேஞ்சுக்கு வர்ற பசங்க பாதிப்பேரு இதேதான். மேல எல்லாம் புதுசு, உள்ள திறந்து பாத்தா அம்பது அறுபது வருஷத்து கிரீஸ் அப்படியே இருக்கு. உங்க கையால ஒரு மெஷின பிரிச்சு நோண்டணும்னு ஆசைப்படுறீங்களே, அது நல்ல ஆசை, அத நான் கெடுக்க மாட்டேன். ஆனா நோண்ட வேண்டிய இடம் வேற.

காஸ்மோலின்னு ஒன்னு இருக்கு. துருப் பிடிக்காம இருக்க ஆர்சனல்ல முக்கி எடுத்து பூசி பெட்டில போட்டு மூடின கிரீஸ். குளிர்ல உறைஞ்ச நெய் மாதிரி கெட்டியா நிக்கும், வருஷம் ஆக ஆக இன்னும் இறுகும். அது ஸ்டாக்ல இருந்தா பரவால்ல, கை பிசுபிசுக்கும், அவ்வளவுதான். போல்ட்டுக்குள்ள இருந்தாதான் விபரீதம். ஏன்னு கேளுங்க. செர்கேய் சிமோனோவ் 1945ல முடிச்சு 1949ல சோவியத் ராணுவம் ஏத்துக்கிட்ட இந்த ரைஃபிள்ல ஆரம்பத்துல வந்த துப்பாக்கிகள்ல மட்டும்தான் ஃபயரிங் பின்னுக்கு (தோட்டாவோட அடியில குத்தி வெடிக்க வைக்கிற கம்பி) ஸ்ப்ரிங் இருந்துச்சு. அப்புறம் வந்தது எல்லாத்துலயும் பின் சும்மா லூஸா, போல்ட்டுக்குள்ள முன்னாடியும் பின்னாடியும் ஓடிக்கிட்டே இருக்கும், அத இழுத்துப் பிடிக்க எதுவும் கிடையாது. சுத்தமா இருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல, அதுவும் ராணுவ தோட்டாவோட ப்ரைமர் (அடியில இருக்குற, குத்துனா பத்திக்கிற சின்ன மூடி) கெட்டியானது, லேசா தட்டுனா வெடிக்காது. ஆனா அந்த ஓட்டைக்குள்ள காஸ்மோலின் ஏறி, பின் முன்னாடி நீட்டிக்கிட்டே ஒட்டிக்கிச்சுன்னு வைங்க, போல்ட் வேகமா வந்து மூடுறப்பவே அது ப்ரைமர்ல குத்திடும். நீங்க ட்ரிக்கர தொடவே இல்ல, துப்பாக்கி வெடிச்சிடும். செமி ஆட்டோதானே, வெடிச்ச வேகத்துல போல்ட் பின்னாடி போய் அடுத்த தோட்டாவ ஏத்தும், அதுவும் வெடிக்கும், மேகசின் காலியாகுற வரைக்கும் நிக்காம போனாலும் போகும். ஸ்லாம் ஃபயர்னு சொல்லுவாங்க.

இத நான் படிச்சு மட்டும் சொல்லல. பக்கத்து பெஞ்ச்ல ஒரு பையன், நல்ல பையன், உங்கள மாதிரியேதான், புது எஸ்கேஎஸ், வெளிய பளபளன்னு துடைச்சு வச்சிருந்தான். கிளிப்ல தோட்டா போட்டு அமுக்கிட்டு போல்ட்ட விட்டான். அவ்வளவுதான், எல்லாம் ஒரே மூச்சுல போயிடுச்சு. முனை மண்மேட்டப் பாத்து இருந்ததால யாருக்கும் ஒன்னும் ஆகல. அவன் கை நடுங்குன நடுக்கம் இன்னும் என் கண்ணுலயே நிக்குது, அழுதுட்டான். அப்ப எங்க க்ளப்ல ரிட்டயர் ஆன மெக்கானிக் ஒருத்தர் இருந்தார், அவர் அவன திட்டல. பக்கத்துல வந்து உக்காந்து, போல்ட்ட உருவி எடுத்து, காது கிட்ட வச்சு குலுக்கினார். சத்தமே இல்ல. அவன் காதுகிட்டயும் வச்சு குலுக்கினார். அப்புறம் தன்னோட ரைஃபிள் போல்ட்ட எடுத்து குலுக்கி காட்டினார், டக்கு டக்குன்னு பின் ஓடுற சத்தம். வேற ஒரு வார்த்தை பேசல. அந்த மனுஷன் புதுசா எவன் எஸ்கேஎஸ் எடுத்துட்டு வந்தாலும் முதல்ல போல்ட்ட வாங்கி குலுக்கிட்டுதான் சுட விடுவார். இப்ப அவர் இல்ல. எங்க க்ளப்ல அந்த வேலைய இப்ப நாங்க சில பேரு பண்றோம்.

அதனால தம்பி, ரைஃபிள் வந்த அன்னைக்கு ரெட் டாட் டப்பாவ திறக்காதீங்க. போல்ட்ட எடுங்க. பின்னாடி குறுக்க ஒரு சின்ன ஊசி இருக்கும், அத தட்டி எடுத்தா ஃபயரிங் பின் வெளிய வரும், எந்த பக்கம் பாத்து இருந்துச்சுன்னு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க, மாத்தி போட்டுடக் கூடாது. கொதிக்கிற தண்ணி, அப்புறம் மினரல் ஸ்பிரிட்ஸ், ஓட்டை உள்ள பிரஷ் விட்டு திரும்பத் திரும்ப, துணி வெள்ளையா வர்ற வரைக்கும். பின்னோட முனை சிதைஞ்சிருக்கான்னு பாருங்க. அங்க எண்ணெய் ஊத்தி வைக்காதீங்க, காய்ஞ்சு இருந்தா போதும், எட்மண்டன் குளிர்ல எண்ணெயும் இறுகும். மாட்டிட்டு குலுக்குங்க. சத்தம் கேக்கணும். ஒவ்வொரு தடவை சுடப் போறதுக்கு முன்னயும் குலுக்குங்க. முதல் தடவை ஒரே ஒரு தோட்டா போட்டு சுடுங்க, அப்புறம் ரெண்டு. இதெல்லாம் முடிச்சுட்டு எனக்கு எழுதுங்க, சந்தோஷமா படிப்பேன். உங்க கையில நோண்டுற ஆர்வம் இருக்கே, அதுக்கு வேணுங்குற வேலை முழுக்க இந்த போல்ட்டுக்குள்ளயே இருக்கு.

ட்ரிக்கர்ல ஃபைல் போடுறேன்னு சொன்னீங்க பாருங்க, அத படிச்சதும் எனக்கு ரத்தம் கொதிச்சிடுச்சு. சியர்னா ஃபயரிங் பின்ன அடிக்கிற ஹாமர பிடிச்சு நிறுத்துற கொக்கி, அதுல ஒரு முடி அளவு தப்பா தேய்ச்சா ஹாமர் நிக்க வேண்டிய இடத்துல நிக்காது, சேஃப்டி போட்டிருந்தாலும் நம்ப முடியாது. வீடியோ போட்டவனா உங்க ரேஞ்ச்ல வந்து பக்கத்துல நிக்கப் போறான்? தொடாதீங்க. கட்டி ட்ரிக்கர்லயே பழகுங்க, சுட சுட கொஞ்சம் இளகும், அப்பவும் பிடிக்கலன்னா லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்துகிட்ட (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) குடுங்க. மேகசின்ல அஞ்சு தோட்டாவுக்கு மேல போகாம ஒரு ரிவெட் அடிச்சிருப்பாங்க, அத உருவுனா அந்த மேகசினே தடை செஞ்ச பொருள், அப்புறம் கேஸ்தான், அதப் பத்தி பேச்சே வேணாம்.

ரெயில் பத்தி ஒரு வரி. ரிசீவர் கவர் மேல மாட்டுற ரெயில் ஆடும், கவரே லூஸாதானே உக்காருது, ஒவ்வொரு தடவை க்ளீன் பண்ண கழட்டுறப்பவும் ஜீரோ, அதாவது சரி பண்ணி வச்ச குறி, போயிடும். நூறு மீட்டர்ல மான் சுட இரும்பு சைட்டே போதும். ஆனா வேட்டைக்கு பட்டதும் விரியிற சாஃப்ட் பாயின்ட் தோட்டா, ராணுவ தோட்டா கூடாது, ஆல்பர்ட்டால சட்டமும் அதான்.

உங்க மனைவி விஷயம். அவங்க பயம் நியாயமான பயம். 1989 டிசம்பர் 6ல மான்ட்ரியால் எகோல் பாலிடெக்னிக்ல 14 பெண்கள கொன்னவன் கையில இருந்தது சட்டப்படி கடையில வாங்கின செமி ஆட்டோதான், ரூகர் மினி-14. அத மறந்துட்டு நாம இந்த பொழுதுபோக்க வச்சுக்க முடியாது. லைசென்ஸ் ஃபார்ம்ல மனைவி கையெழுத்துக்குன்னு இடம் இருக்கே, அவங்க மனசோட போட்டாங்களா? இல்லன்னா ரைஃபிள் கொஞ்சம் காத்திருக்கட்டும். முதல்ல லாக்கர் வாங்குங்க, தோட்டா வேற இடத்துல பூட்டி வைங்க, சாவி எங்கன்னு அவங்களுக்கும் தெரியணும், ஒரு நாள் அவங்களையும் ரேஞ்சுக்கு கூட்டிட்டு வாங்க, சுட வேணாம், நீங்க எப்படி நடந்துக்கிறீங்கன்னு பாக்கட்டும்.

கடைசியா, விலை கம்மின்னு பழைய ராணுவ சர்ப்ளஸ் தோட்டா பெட்டியோட வாங்குவீங்க, எல்லாரும் வாங்குறதுதான். அதுல ப்ரைமர் பெரும்பாலும் இரும்ப அரிக்கிற ரகம், சுட்டதும் உப்பு படியும், வெறும் எண்ணெய்க்கு அது போகாது. அன்னைக்கு ராத்திரியே பேரல், கேஸ் ட்யூப், பிஸ்டன், போல்ட் எல்லாத்துலயும் சுடுதண்ணி ஊத்தி, துடைச்சு காய வச்சு, அதுக்கப்புறம் எண்ணெய். டயர்டா இருக்கு, சனிக்கிழமை பாத்துக்கலாம்னு விட்டுட்டு, துருப் பிடிச்சதும் ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்பாதீங்க.

அன்புடன்,
அண்ணன்