மஃப்டியில் வந்து ‘ஐ.பி.’ என்றால் போனைக் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் மாடியில் குடியிருக்கும் பையனைப் பற்றி விசாரிக்க, மஃப்டியில் இருவர் வந்தார்கள். ‘ஐ.பி.’ (இன்டெலிஜென்ஸ் பீரோ, மத்திய உளவுத்துறை) என்றார்கள். கடைசியில் என் செல்போனைக் கேட்டார்கள். சார்ஜ் இல்லை என்று சமாளித்துவிட்டேன். மறுபடி வந்தால் மறுக்கலாமா? கைது செய்துவிடுவார்களா?
- வாசகர், திருச்சி

பதில்: தாராளமாக மறுக்கலாம். ஐ.பி.க்குக் கைது அதிகாரம் கிடையாது. 1887இல் வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கிய அமைப்பு. இன்றுவரை அதன் அதிகாரங்களை வரையறுத்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் போடவில்லை. 1985இல் வந்த சட்டமும், அதன் ஊழியர்கள் சங்கம் வைக்கக் கூடாது, பத்திரிகைகளிடம் பேசக் கூடாது என்று அவர்கள் வாயைக் கட்டியதோடு சரி. சோதனை, பறிமுதல், எஃப்.ஐ.ஆர். எதுவானாலும் அவர்கள் போலீஸிடம்தான் போக வேண்டும்.

ஆனால் வந்தவர்கள் ஐ.பி.தானா? நம் ஊரில் கியூ பிரிவு, தனிப்பிரிவு எல்லாவற்றையும் ‘உளவுத்துறை’ என்றே சொல்லிவிடுகிறோம். அவர்கள் தமிழ்நாடு போலீஸ். மத்திய அரசின் தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ.வுக்கும் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் அதிகாரம் உண்டு. அதனால் முதலில் அடையாள அட்டையை வாங்கிப் பாருங்கள். பெயரையும் பதவியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

போலீஸே ஆனாலும் வரைமுறை உண்டு. சாட்சியாக விசாரணைக்கு அழைக்க, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 179ஆம் பிரிவின்படி எழுத்தில் உத்தரவு வேண்டும். பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. போனைப் பறிமுதல் செய்தால் 105ஆம் பிரிவின்படி அதை வீடியோ எடுக்க வேண்டும், பட்டியல் போட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். ‘ஒரு நிமிஷம் பாத்துட்டுத் தரேன்’ என்பதற்கெல்லாம் சட்டத்தில் இடமில்லை. நீங்களாக எடுத்து நீட்டிவிட்டால், அப்புறம் கோர்ட்டில் பேசுவது கஷ்டம். பையனைப் பற்றித் தெரிந்ததை வாசலிலேயே சொல்லுங்கள், பொய் வேண்டாம். போன் மட்டும் உள்ளே இருக்கட்டும்.

போன் ஒட்டுக்கேட்பு வேறு கதை. அதற்கு அனுமதி பெற்ற அமைப்புகளில் ஐ.பி.யும் ஒன்று. ஆனால் உள்துறைச் செயலாளரின் உத்தரவு வேண்டும். அது 60 நாள் செல்லும், நீட்டித்தாலும் 180 நாளைத் தாண்டக் கூடாது, மறு ஆய்வுக் குழுவின் பார்வைக்கும் போக வேண்டும். 1996இல் உச்ச நீதிமன்றம் போட்ட கடிவாளம் இது. லஞ்ச வழக்கு ஒன்றுக்காக உள்துறை 2011இல் பிறப்பித்த ஒட்டுக்கேட்பு உத்தரவை, 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ இல்லாமல் சாதாரணக் குற்றத்துக்கு ஒட்டுக்கேட்க முடியாது என்றது. சிக்கல் என்னவென்றால், கேட்கப்படுகிறவருக்கு யாரும் தகவல் சொல்வதில்லை. தெரியாத உத்தரவை எதிர்த்து எப்படி வழக்குப் போடுவது? ஆர்.டி.ஐ. போட்டாலும், ஊழல், மனித உரிமை மீறல் புகார் தவிர மற்றவற்றுக்கு 24ஆம் பிரிவு ஐ.பி.க்கு விலக்குத் தருகிறது. மனுவுக்குக் கட்டும் பத்து ரூபாய் வீண்.

இவ்வளவும் நேரில் வந்தவர்களுக்கு. வீடியோ காலில் ஒருவர் ‘ஐ.பி.’ என்று மிரட்டினால் யோசிக்கவே வேண்டாம். கட் செய்துவிட்டு, சைபர் குற்றப் புகாருக்கான 1930க்குப் போடுங்கள்.