பழைய கணினிக்குப் பதிலாக இன்னொரு பழைய கணினி: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: என்னிடம் இருப்பது 2012-இல் வாங்கிய மேசைக் கணினி. மூன்றாம் தலைமுறை ஐ3 செயலி, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. கணக்கு எழுதுவது, கடிதங்கள் தட்டச்சு செய்வது, இணையம் பார்ப்பது, பிள்ளைகளின் வீடியோ வகுப்பு ஆகியவைதான் அதன் வேலை. புதிய கணினி வாங்க இப்போது வசதி இல்லை. பழைய கணினி விற்பவர் ஒருவர் இரண்டைக் காட்டினார். ஒன்று ஐ7-4770, 16 ஜிபி ரேம். மற்றது ஐ5-8500, 8 ஜிபி ரேம். விலை ஏறத்தாழ ஒன்றுதான். ஐ7-ஐ எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன், சரியா? என் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அப்படியே அதில் மாட்டிக்கொள்ளலாமா? மானிட்டர் பழையதே போதுமா?

பதில்: ஐ5-ஐ எடுங்கள். தயக்கமே வேண்டாம்.

இன்டெல் நிறுவனத்தின் ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே காலத்தில் வந்த செயலிகளுக்குள் எது மேல், எது கீழ் என்று மட்டுமே சொல்லும். வெவ்வேறு காலத்துச் செயலிகளை ஒப்பிட அவை உதவாது. அதற்குப் பார்க்க வேண்டியது பின்னால் வரும் எண்ணை. 4770 என்பதில் முதல் இலக்கம் 4, அதாவது நான்காம் தலைமுறை, 2013-இல் வந்தது. 8500 எட்டாம் தலைமுறை; 2018-இல் வந்தது. ஐந்து இலக்க எண்ணாக இருந்தால் முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள்: 10400 பத்தாம் தலைமுறை, 12400 பன்னிரண்டாம் தலைமுறை. விற்பவர் ‘ஐ7’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால், முழு எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

இந்த ஐந்தாண்டு இடைவெளி உங்கள் விஷயத்தில் ஏன் முக்கியம்? விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டன. வீட்டுக் கணினிகளுக்குத் தரப்பட்ட நீட்டிப்புத் திட்டமும் ஓராண்டுக்குத்தான். அடுத்து இருப்பது விண்டோஸ் 11. அது இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்கிறது; ஏழாம் தலைமுறையில் விதிவிலக்குகள் மிகச் சில. கூடவே டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, நம்பகமான மென்பொருளைக் கொண்டு மட்டும் கணினியைத் தொடங்கவிடும் செக்யூர் பூட் வசதி, குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம் ஆகியவற்றையும் கேட்கிறது. ஐ7-4770 முதல் வாசலிலேயே நின்றுவிடுகிறது. கணக்கையும் வங்கி வேலையையும் அதில் செய்யப்போகிற உங்களுக்கு, அப்டேட் வராத கணினி எவ்வளவு வேகமாக இருந்தாலும் நல்ல கணினி இல்லை.

“அதிலும் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேனே” என்று விற்பவர் சொல்லக்கூடும். போட முடியும் என்பது உண்மைதான். நிறுவும்போது நடக்கும் சோதனையைத் தாண்டிச் செல்லும் வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆனால் அப்படிப் போடப்பட்ட கணினிக்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பு தானாக இறங்காது. ஒவ்வொரு முறையும் நீங்களே அதே குறுக்குவழியில் போடவேண்டியிருக்கும். கணினி இயக்கத்தில் ஆர்வம் உள்ளவருக்கு அது பொழுதுபோக்கு. கணக்கு எழுத வேண்டியவருக்கு அது தலைவலி.

வேகத்திலும் ஐ7 பின்தங்குகிறது. ஐ7-4770-இல் நான்கு கோர்கள் (செயலிக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள்), எட்டு இழைகள் (ஒரே நேரத்தில் கையாளும் வேலைகள்). ஐ5-8500-இல் ஆறு முழுக் கோர்கள். கிராஃபிக்ஸ் பகுதியில் வேறுபாடு இன்னும் கூடுதல். யூடியூப் போன்ற தளங்கள் பரவலாகப் பயன்படுத்தும் வி.பி.9 என்ற வீடியோ வடிவத்தை எட்டாம் தலைமுறைச் செயலியில் தனி வன்பொருளே விரித்துக் காட்டிவிடும். நான்காம் தலைமுறையில் அந்த வசதி இல்லாததால் முழுச் சுமையும் செயலியின் தலையில் விழும். மின்விசிறி இரைவதும் படம் திக்குவதும் அதனால்தான். 16 ஜிபி என்பதும் பெரிய கவர்ச்சியாகத் தோன்ற வேண்டாம். ஐ7-இல் இருப்பது டி.டி.ஆர்.3 என்ற பழைய வகை ரேம், அதைப் பின்னாளில் வேறு எந்தப் புதிய கணினிக்கும் மாற்ற முடியாது. ஐ5-இல் டி.டி.ஆர்.4. இன்னொரு 8 ஜிபி பட்டையை வாங்கிக் காலியாக உள்ள இடத்தில் செருகினால் 16 ஜிபி ஆகிவிடும். இரண்டு பட்டைகளும் சேர்ந்து இயங்குவதால் கிராஃபிக்ஸும் சற்றுச் சுறுசுறுப்பாகும். ரேமைக் கூட்டலாம், ஹார்ட் டிஸ்க்கை மாற்றலாம். செயலியின் தலைமுறையை மட்டும் மதர்போர்டை (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் தாய்ப் பலகை) மாற்றாமல் பெரும்பாலும் மாற்ற முடியாது. முதலில் அதைப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பழகத் தயாராக இருப்பவருக்கு மட்டும் என் பதில் வேறு. லினக்ஸில் ஐ7-4770 இன்றும் நன்றாக உழைக்கும். உங்கள் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும் இயங்குவது என்றால் அந்த வழி உங்களுக்கு இல்லை.

இந்த இரண்டும் கைமாறிப்போய் வேறு கணினி தேட நேர்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள். சந்தைக்கு வரும் பழைய மேசைக் கணினிகளில் பெரும்பகுதி நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழித்தவை: டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர். உறுதியான கட்டமைப்பு, வீட்டுக்கு இவை நல்ல தேர்வு. ஆனால் ஏழாம், எட்டாம் தலைமுறைப் பெட்டிகள் வெளித்தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மாதிரி எண்தான் காட்டிக்கொடுக்கும். ஆப்டிபிளெக்ஸில் 7050 என்றால் ஏழாம் தலைமுறையைத் தாண்டாது, 7060 என்றால் எட்டு. எலைட்டெஸ்க் 800-இல் ஜி3 வேண்டாம், ஜி4 சரி. திங்க்சென்டரில் எம்910-ஐ விட்டுவிட்டு எம்920-ஐப் பாருங்கள். ஏ.எம்.டி. செயலி என்றால் ரைசன் 3000 வரிசையிலிருந்து தொடங்கினால் குழப்பம் இல்லை. இன்டெல் எண்ணின் இறுதியில் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால் அதில் கிராஃபிக்ஸ் கிடையாது, தனி அட்டை தேவைப்படும். ‘டி’ இருந்தால் மின்சாரம் குறைவாகப் பிடிக்கும், வேகமும் குறைவு.

பெட்டியின் அளவையும் யோசியுங்கள். மிகச் சிறிய பெட்டிகள் மேசையில் இடத்தை அடைக்காது, ஆனால் உங்கள் பழைய 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்கை அவற்றில் பொருத்த முடியாது. இந்த நிறுவனக் கணினிகள் பலவற்றில் பவர் சப்ளை அந்தந்த நிறுவனத்துக்கே உரிய வடிவத்தில் இருக்கும். பழுதானால் பொதுவாகக் கிடைக்கும் பவர் சப்ளையை மாட்ட இயலாமல் போகலாம். உங்கள் வேலைக்கு நடுத்தர அளவுப் பெட்டி போதும்.

வாங்கும் இடத்திலேயே அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கணினி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். கடிகாரம் தவறான தேதியைக் காட்டினால் மதர்போர்டில் உள்ள சிறிய சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது என்று பொருள். அது எளிதாக மாற்றக்கூடியது, கணினியை மறுக்கக் காரணமாகாது. டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியைத் திறந்தால் செயலியின் முழுப் பெயர், ரேம் எத்தனை இடங்களில் செருகப்பட்டுள்ளது என்பதெல்லாம் தெரியும். பெட்டியில் ஒட்டிய தாளை நம்பாமல் இதை நம்புங்கள். மைக்ரோசாஃப்டின் ‘பி.சி. ஹெல்த் செக்’ செயலியை ஓட்டினால் விண்டோஸ் 11-க்குத் தகுதி உண்டா என்று சொல்லிவிடும். ‘கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருள் ஹார்ட் டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியது, பழுதான பகுதிகள் உண்டா என்று காட்டும், எஸ்.எஸ்.டி.யாக (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) இருந்தால் மீதமுள்ள ஆயுளைச் சதவீதத்தில் காட்டும். பின்னர் ஒரு வீடியோவை முழுத்திரையில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, மின்விசிறியின் சத்தத்தைக் கேளுங்கள். எல்லா யு.எஸ்.பி. துளைகளிலும் பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். வைஃபை இருக்கிறதா என்று கேளுங்கள். நிறுவனக் கணினிகளில் பெரும்பாலும் இருக்காது, தனியே ஒரு யு.எஸ்.பி. வைஃபை வாங்கவேண்டியிருக்கும்.

பலரும் தவறவிடும் இரண்டு சோதனைகளை நீங்கள் தவறவிடக் கூடாது. ஒன்று, பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே இயங்கிக் கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) கடவுச்சொல். கணினி தொடங்கும்போது டெல்லில் எஃப்2, எச்.பி.யில் எஃப்10, லெனோவாவில் எஃப்1 விசையை அழுத்தி உள்ளே போய்ப் பாருங்கள். கடவுச்சொல் கேட்டால், அதை நீக்கித் தரும்வரை பணம் கொடுக்காதீர்கள். இரண்டாவது இதைவிட நுட்பமானது. பெரிய நிறுவனங்கள் தங்கள் கணினிகளை மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட் என்ற மேலாண்மைத் திட்டத்தில் பதிவு செய்திருக்கும். விற்கும்போது அந்தப் பதிவை நீக்க மறந்துவிட்டால், நீங்கள் விண்டோஸைப் புதிதாக நிறுவி இணையத்தில் இணைத்தவுடன் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயருடன் உள்நுழைவுத் திரை வந்து நிற்கும். ஹார்ட் டிஸ்க்கை மாற்றினாலும் போகாது. பதிவு மதர்போர்டைச் சார்ந்தது, நீக்கும் உரிமை அந்த நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு. எனவே, இப்படி வந்தால் திருப்பி எடுத்துக்கொள்வதாக விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் விற்பவர் போட்டுத்தந்த விண்டோஸை வைத்துக்கொள்ளாமல் அழித்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய கோப்பைக் குறைந்தது 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி நீங்களே நிறுவுங்கள். முன்பு யார் என்ன போட்டுவைத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது; அதன் மேல் உங்கள் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யாதீர்கள். விண்டோஸோடு விற்கப்பட்ட நிறுவனக் கணினிகளில் அதன் உரிமம் மதர்போர்டிலேயே பதிந்திருப்பது வழக்கம். மறுபடி நிறுவும்போது தானாக அடையாளம் கண்டுகொள்ளும். விண்டோஸை நிறுவும் டிஸ்க் எஸ்.எஸ்.டி.யாக இருப்பது கட்டாயம். விலையில் பேரம் பேசி மிச்சம் பிடிக்கும் பணத்தைப் புதிய எஸ்.எஸ்.டி.யில் போடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 முதல் 200 எம்பி வரை படிக்கும், சாட்டா என்ற பழைய இணைப்பு முறை எஸ்.எஸ்.டி. சுமார் 550 எம்பி, என்.வி.எம்.இ. என்ற புதிய இணைப்பு முறை வகை அதைவிடப் பலமடங்கு. அன்றாடம் நீங்கள் உணரப்போகும் மாற்றத்தில் பெரும்பங்கு இதனால்தான் வரும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பழைய டிஸ்க்கை மாட்டலாம், ஆனால் அதிலிருந்து கணினியைத் தொடங்காதீர்கள். அதில் உள்ள விண்டோஸ் பழைய மதர்போர்டுக்காக அமைந்தது. அது தொடங்கும் முறையும் பழைய பயாஸ் முறையாக இருக்க வாய்ப்பு அதிகம். தரவுக்கான இரண்டாவது டிஸ்க்காக மட்டும் மாட்டி, வேண்டிய கோப்புகளைப் புதிய எஸ்.எஸ்.டி.க்கு நகலெடுங்கள். பழைய பயனர் கோப்புறையைத் திறக்கும்போது அனுமதி இல்லை என்று சொன்னால், ‘தொடர்க’ என்பதை அழுத்தினால் வழிவிடும். பத்தாண்டுக்கு மேல் ஓடிய டிஸ்க் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடலாம். ஆகவே அதைக் கழற்றுவதற்கு முன்பே முக்கியமானவற்றை வெளி டிஸ்க் ஒன்றில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.

நகலெடுத்தால் மட்டும் வந்துவிடாத சில உண்டு. கணக்கு மென்பொருளின் தரவை அந்த மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் பேக்கப் வசதி வழியாக எடுங்கள். அதன் உரிமம் பழைய கணினியோடு கட்டப்பட்டிருந்தால் அங்கே விடுவித்துவிட்டு இங்கே இயக்குங்கள். உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் உங்கள் பழைய விண்டோஸ் கணக்கோடு பூட்டப்பட்டவை. கோப்பாக நகலெடுத்தால் பயன்படாது. பழைய கணினி ஓடும்போதே அவற்றை ஏற்றுமதி செய்யுங்கள் அல்லது உலாவிக் கணக்கில் ஒத்திசைத்துவிடுங்கள். விண்டோஸ் 11-இல் 64 பிட் பதிப்பு மட்டுமே உண்டு; பழைய பிரிண்டருக்கு, அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் 32 பிட்டில்தான் இருக்கிறது என்றால் அது வேலை செய்யாது. வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

தமிழில் கடிதம் எழுதும் உங்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். பாமினி போன்ற, யூனிகோடு (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) அல்லாத எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று பதறி அழித்துவிடாதீர்கள். பழைய கணினியின் எழுத்துருக் கோப்புறையிலிருந்து தேவையானவற்றை எடுத்துப் புதியதில் நிறுவினால் போதும். பாதுகாக்க வேண்டிய கோப்புகளை நேரம் கிடைக்கும்போது யூனிகோடுக்கு மாற்றிவைப்பது நல்லது.

மானிட்டர் பழையதே போதும். அதில் வி.ஜி.ஏ. துளை மட்டும் இருந்து, கணினியில் டிஸ்பிளேபோர்ட் மட்டும் இருந்தால், டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றும் சிறிய இணைப்பான் ஒன்று வாங்குங்கள். திசையைப் பார்த்து வாங்கவேண்டும். எதிர்த்திசைக்கானது இங்கே இயங்காது. வி.ஜி.ஏ. வழியே ஒலி போகாது என்பதால் ஸ்பீக்கரைக் கணினியில் நேரடியாகச் செருகுங்கள்.

புதியதில் ஒரு மாதமாவது எல்லா வேலையும் செய்து பார்த்த பிறகு பழைய கணினியை யாருக்காவது கொடுங்கள். ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக் கொடுப்பதானால், முதலில் அதை முழுவதுமாக ஒருமுறை மேலெழுதி அழியுங்கள். ‘குவிக் ஃபார்மட்’ மட்டும் செய்வதால் கோப்புகள் உண்மையில் அழிவதில்லை. அதற்கு நேரம் இல்லையென்றால் டிஸ்க்கை உங்களிடமே வைத்துக்கொண்டு, பெட்டியை மட்டும் கொடுங்கள்.