மைக்ரோஸ்கோப் ஸ்லைடில் வெள்ளி அயனி ஏற்றி வேவ்கைடு (ஒளியைத் தனக்குள்ளேயே ஓடவிடும் அடுக்கு) செய்தால் கண்ணாடி மஞ்சளாகிறது. என் கைத்தவறா?

உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள். அதை உங்கள் ஆராய்ச்சி கைடு ஏற்கெனவே செய்திருப்பார்.

எனக்கு இதிலேயே நான்கு மாதம் போனது. சோடியம் நைட்ரேட்டில் கொஞ்சம் சில்வர் நைட்ரேட் கலந்து, 330 டிகிரியில் உருக்கி, ஸ்லைடை முக்கி எடுப்பேன். கண்ணாடியிலிருந்து சோடியம் வெளியேற, வெள்ளி அங்கே போய் உட்காரும். அந்த அடுக்கில் ஒளிவிலகல் எண் கூடி, ஒளி அதற்குள்ளேயே ஓட வேண்டும். ஆனால் பிரிசம் வைத்து ஹீலியம்-நியான் லேசரை ஏற்றினால் சிவப்புக் கோடு அரை சென்டிமீட்டரில் செத்துவிடும். மறுநாள் அதே பெட்டியிலிருந்து இன்னொரு ஸ்லைடு எடுத்தால் கடைசிவரை பளிச்சென்று ஓடும். "உன் க்ளீனிங் சரியில்லை" என்றார் கைடு. அசிட்டோனில் கழுவிக் கழுவி விரல் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

விஷயம் கண்ணாடியின் பிறப்பிலேயே இருந்தது. ஃப்ளோட் கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுத்தான் தகடாக்குகிறார்கள். அடிப்பக்கத்தில் சில மைக்ரான் ஆழத்துக்கு வெள்ளீயம் ஏறியிருக்கும். உள்ளே வரும் வெள்ளி அயனிக்கு அது எலக்ட்ரானைக் கொடுத்து உலோக வெள்ளியாக்கிவிடும். அந்த நுண்துகள்தான் உங்கள் மஞ்சள். பழைய தேவாலய ஜன்னல்களில் மஞ்சள் தீட்டியதும் வெள்ளியை வைத்துத்தான். அவர்களுக்கு அது கலை, நமக்குத் தலைவலி.

254 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் பிடியுங்கள். வெள்ளீயப் பக்கம் பால்போல மங்கலாக ஒளிரும். அந்த விளக்குக்கு எங்கள் ஸ்டோர்ஸில் மூன்று கொட்டேஷன் கேட்டார்கள். வேதியியல் துறையில் டி.எல்.சி. (கலவையைத் தகட்டில் பிரித்துப் பார்க்கும் சோதனை) பார்க்கும் விளக்கைக் கெஞ்சி வாங்கிவந்தேன். பத்து நிமிஷ வேலை! ஒளிராத பக்கத்து மூலையில் வைர ஊசியால் ஒரு அடையாளக் கீறல், லேசரை அந்தப் பக்கத்தில் மட்டும் ஏற்றுங்கள், அவ்வளவுதான். கைடிடம் காட்டியபோது, "இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்றார்.

"எல்லா ஸ்லைடும் ஃப்ளோட் கண்ணாடி இல்லையே" என்று கமென்டில் வருபவர்களுக்கு: தெரியும் ஐயா. வெள்ளி ஏறக் கூடாத இடத்தை மறைக்க அலுமினிய மாஸ்க் போட்டாலும் ஓரத்தில் வெள்ளி உலோகமாகும், டைட்டானியம் போடுங்கள். வெள்ளியே வேண்டாமென்றால் பொட்டாசியம் நைட்ரேட். மஞ்சளாகாது, ஆனால் எண் 0.01 அளவுக்குத்தான் கூடும், பொறுமையும் வேண்டும்: நேரத்தை நான்கு மடங்காக்கினால் ஆழம் இரண்டு மடங்குதான்.

கையுறை மட்டும் மறக்காதீர்கள், சில்வர் நைட்ரேட் பட்டால் தோல் கறுத்துவிடும். எங்கள் லேபில் தீர்ந்துபோய் இரண்டு வாரம் வாங்கித் தரவில்லை. அக்கா கல்யாணப் போட்டோ எல்லாவற்றிலும் என் வலது கை முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது.