கிளவுட் போஸ்ட்கிரெஸுக்கு மாறியதும் ஜாங்கோவில் டைம்அவுட் வருவது ஏன்?

லோக்கலில், அதாவது உங்கள் கணினியில் ஓடிய ஜாங்கோ (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்) செயலி, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை கிளவுடுக்கு மாற்றியதும் 'கனெக்‌ஷன் டைம்அவுட்' என்று நிற்கிறது, செட்டிங்ஸில் என்ன தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாகத் தவறு செட்டிங்ஸில் இல்லை. பாஸ்வேர்டு தப்பாக இருந்தால் சர்வர் உடனே மறுத்துவிடும். பதிலே வராமல் இழுத்தடித்தால் பெரும்பாலும் வெளி இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால்தான். கிளவுட் கன்சோலில், போஸ்ட்கிரெஸ் இயல்பாகப் பயன்படுத்தும் 5432 போர்ட்டுக்கு உங்கள் செயலி ஓடும் சர்வரின் ஐபியை மட்டும் அனுமதியுங்கள். அவசரத்துக்கு 0.0.0.0/0 (எல்லா ஐபிகளும்) என்று ஊருக்கே கதவைத் திறந்துவிடாதீர்கள்.

அப்புறம், டேட்டாபேஸ் செட்டிங்ஸின் ஆப்ஷன்ஸில் எஸ்எஸ்எல்மோடு (sslmode), அதாவது இணைப்பை எந்த அளவுக்குப் பாதுகாப்பது என்று சொல்லும் அமைப்பு. 'ரெக்கொயர்' என்று போட்டால் இணைப்பு குறியாக்கம் ஆகும், ஆனால் எதிர்முனையில் இருப்பது சரியான சர்வர்தானா என்று ஹோஸ்ட் பெயரைச் சரிபார்க்காது. அதற்கு 'வெரிஃபை-ஃபுல்' வேண்டும், கூடவே ரூட் சான்றிதழ் கோப்பும்.

பாஸ்வேர்டு கோடுக்குள் வேண்டாம், என்விரான்மென்ட் வேரியபிளில் இருக்கட்டும். முழு இணைப்பையும் ஒரே யூஆர்எல்லாகக் கொடுக்கிறீர்கள் என்றால், பாஸ்வேர்டில் உள்ள # குறியை %23 என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் யூஆர்எல் அந்த இடத்திலேயே அறுந்துவிடும். இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது பெரும் தலைவலி.

இணைந்த பிறகும் மந்தமா? கான்_மேக்ஸ்_ஏஜ் (CONN_MAX_AGE), அதாவது ஓர் இணைப்பை எத்தனை நொடி திறந்து வைப்பது என்ற ஜாங்கோ செட்டிங், இயல்பாக 0. அதனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது இணைப்பு. 60 நொடி வைத்துப் பாருங்கள். ஆனால் சிறிய பிளான்களில் இணைப்பு எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, வொர்க்கர்களை (செயலியை ஓட்டும் புராசஸ்களை) கணக்குப் பார்த்து வையுங்கள்.