சாப்பாட்டுக்குப் பின் படகுப் பேச்சு கூடாது

கேள்வி: பொழுதுபோக்குக்காகப் படகு ஓட்டுவோர் சங்கம் அமைக்கும் வழக்கம் எங்கே தொடங்கியது? பந்தயம் நடத்துவதற்காகத்தான் இத்தகைய சங்கங்கள் ஏற்பட்டனவா?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: அயர்லாந்தின் தென்கரையிலுள்ள கார்க் துறைமுகத்தில் 1720-இல் தோன்றிய ‘வாட்டர் கிளப்’தான் உலகின் மிகப் பழைய பாய்மரப் படகுச் சங்கம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ரஷ்யப் பேரரசர் முதலாம் பீட்டர் 1718-இலேயே நேவா ஆற்றில் ஒன்றைத் தொடங்கிவிட்டார் என வாதிடுவோரும் உண்டு. ஆனால் மன்னரின் ஆணைக்காகப் படகேறியவர்களை, தாமாக விரும்பிக் கூடிய நண்பர்களோடு ஒரே வரிசையில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பந்தயம் வாட்டர் கிளப்பின் நோக்கமாக இருக்கவில்லை. படகுப் பந்தயம் அதற்கு முன்பே இருந்தது. 1661-இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசும் அவருடைய தம்பி ஜேம்சும் தேம்ஸ் ஆற்றில் 100 பவுன் பந்தயம் கட்டிப் படகு விட்டிருக்கிறார்கள். வாட்டர் கிளப்பைத் தொடங்கிய இன்சிக்வின் பிரபுவும் அவருடைய தோழர்களும் கார்க் துறைமுகத்திலுள்ள ஹால்போலைன் தீவில் கூடியதோ, சேர்ந்து கடலுக்குச் செல்லவும் சேர்ந்து உண்ணவும்தான். இதை அவர்களுடைய விதிகளே காட்டிக்கொடுக்கின்றன. உறுப்பினர் 25 பேருக்கு மேல் கூடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிக் கடல் ஏற்றம் மிகும் நாட்களில் கூட வேண்டும். ‘அட்மிரல்’ எனப்பட்ட தலைவர் விருந்துக்கு இரண்டு இறைச்சி வகைகளுக்கு மேல் கொண்டுவரக் கூடாது. அவர் தரும் விருந்துக்கு இரண்டு டஜன் புட்டி ஒயினுக்கு மேலும் ஆகாது, நீதிபதிகளை அழைத்திருந்தால் மட்டும் விலக்கு உண்டு. சாப்பாடு முடிந்தபின் பாய், காற்று என்று படகோட்டுவதைப் பற்றியே பேசுபவர் விளிம்புவரை நிரப்பிய ஒரு கோப்பை மதுவைக் குடித்தாக வேண்டும். இது தண்டனையா, பேசுவதற்கான தூண்டுதலா என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்!

நீரின்மீது அவர்கள் நடத்தியது ஒரு கடற்படை நாடகம் என்றே சொல்லலாம். ஆண்டுக்கொருமுறை, வண்ணமும் பொன்முலாமும் பூசிய சிறு கலங்கள், அட்மிரலின் கொடிக்கலம் முன்செல்ல, போர்க்கப்பல்களைப் போலவே அணி குலையாமல், முரசும் எக்காளமும் முழங்கக் கடலுக்குள் சென்றதை 1748-இல் வெளியான ஒரு பயண நூல் வியந்து எழுதியிருக்கிறது. பீட்டர் மோனமி என்னும் ஓவியர் 1738-இல் இக்காட்சியைத் தீட்டியும் வைத்தார்.

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சங்கம் தளர்ந்தது. ஹால்போலைன் தீவும் பின்னர் பிரிட்டிஷ் படைத்துறையின் கைக்குப் போயிற்று. மீண்டும் உயிர்பெற்ற சங்கம் 1831-இல் ‘ராயல்’ பட்டம் பெற்று, 1966-இல் ராயல் மன்ஸ்டர் சங்கத்துடன் இணைந்து, ராயல் கார்க் யாட் கிளப் என்ற பெயரில் இன்று கிராஸ்ஹேவனில் இயங்கிவருகிறது. பந்தயங்களும் இப்போது அங்கே தாராளமாக நடக்கின்றன.